அம்மாவின் குரலைச் சரமாகத் தொடுத்தோம்!

உதிரிப் பூவை எத்தனை நேரம் உதிரியாகவே வைத்திருக்க முடியும்? சாயங்காலத்துக்குள் தொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வாடிவிடும், மீதி காற்றில் போய்விடும். இந்த இதழில் நான் சொல்லப் போவதும் ஒரு தொடுக்கிற வேலைதான். ஆனால் பூ அல்ல, குரல்!

என்னடா இது, புதிர் போடுகிறாளே என்கிறீர்களா? விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் திருநெல்வேலிப் பக்கம். போன வருஷம் அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மாவால் வர முடியவில்லை. முழங்கால் வலி. 'வர முடியாட்டி என்ன, வாய் இருக்கே' என்று அந்த அம்மாள் தினமும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். பிரசவ லேகியம் கிளறுவது எப்படி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது எப்படி, பால் கட்டினால் என்ன செய்வது, நடுவில் பேரனுக்கு ஒரு தாலாட்டு. இப்படி 23 துண்டுகள்.

நாலு மாதம் கழித்து ஒரு ராத்திரி அந்த அம்மாளுக்கு வலது கை மரத்தது, வாய் கோணியது. 'வாயுப் பிடிப்பாயிருக்கும், காலையில பார்க்கலாம்' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பக்கவாதம்! உயிர் பிழைத்தார். பேச்சு போய்விட்டது.

ஒரு மத்தியான வேளை. அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, இதையெல்லாம் சேர்த்து ஒரே பாட்டு மாதிரி ஆக்கித் தர முடியுமாக்கா? ஃபோன்ல இடமில்லைன்னு இவுக பழசையெல்லாம் அழிச்சுட்டாக. நல்லவேளை, அம்மா பேசினதைத் தொடல. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு."

எனக்கும்தான் கலங்கியது. இனி அந்தக் குரலைப் புதிதாகப் பதிவு செய்ய முடியுமா?

அந்தக் காலத்தில் நாங்கள் காஸெட்டில் இதே வேலையைச் செய்திருக்கிறோம். இரண்டு டேப் ரிக்கார்டரை எதிரெதிரே வைத்து, ஒன்றில் பாட விட்டு, இன்னொன்றில் பதிவுப் பொத்தானை அமுக்கி, பிள்ளைகளையெல்லாம் 'உஸ்' என்று அதட்டி... கடைசியில் போட்டுக் கேட்டால் குக்கர் விசில்தான் கணீரென்று கேட்கும்! 60 நிமிஷக் காஸெட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிஷம்தான். பாட்டு பாதியில் அறுந்துவிடும். இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. இணையத்திலேயே ஒட்டித் தருகிற பக்கங்கள் இருக்கின்றன. 'ஆடியோ ஜாய்னர்' என்று தேடினாலே வரும். காசு கூடக் கேட்பதில்லை.

ஆனால் அவசரப்படாதீர்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் காரியம், எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது. வாட்ஸ்அப் குரல்கள் பெரும்பாலும் 'ஓபஸ்' என்ற வகையில் இருக்கும். ஃபோனில் பதிவு செய்தது 'எம்4ஏ' ஆகவோ 'எம்பி3' ஆகவோ இருக்கலாம். கலந்து கட்டி இருந்தாலும் அநேகமான பக்கங்கள் ஏற்றுக்கொள்ளும். ஓபஸை ஏற்க மறுத்தால், எம்பி3 ஆக மாற்றித் தருகிற பக்கத்தில் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். பெயரின் வாலை மட்டும் நீங்களாகத் திருத்தி எழுதிவிட்டால் போதாது. டால்டா டின்னில் 'நெய்' என்று எழுதி ஒட்டினால் நெய்யாகிவிடுமா?

இரண்டாவது, வரிசை. இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். 1, 2, 3 என்று 23 வரை பெயர் வைத்தோம். நாங்கள் திறந்த பக்கமோ எழுத்து வரிசைப்படி 1-க்கு அடுத்து 10, 11 என்று அடுக்கிக்கொண்டு போய், 19 முடிந்த பிறகுதான் 2-க்கு வந்தது! நாங்கள் கவனிக்கவில்லை. ஒட்டி முடித்துக் கேட்டால், "ஏட்டி, சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை எல்லாத்தையும் தனித்தனியா வறுத்துக்கோ" என்று சொன்ன கையோடு, "நல்லா ஆறின பொறவு தேனை விடு" என்கிறார் அம்மா. கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் நெய்யும் எங்கோ கடைசியில் வருகின்றன. சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு அது சிரிப்பில் வந்த தண்ணீர் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகவே 01, 02, 03 என்று இரண்டு இலக்கமாகப் பெயர் வையுங்கள். ஒட்டுவதற்கு முன் வரிசையை ஒரு தரம் சரிபாருங்கள். முன்பின் இருந்தால் விரலால் இழுத்து மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஒட்டு. ஒரு துண்டு தேய்ந்து மறையும்போதே அடுத்தது மெல்ல எழும்பும்படி செய்கிற வசதி ஒன்று உண்டு. 'கிராஸ்ஃபேட்' என்பார்கள். பாட்டுக்கு அது அழகு. பேச்சுக்கு ஆகாது, வார்த்தையின் நுனியைத் தின்றுவிடும். அதை அணைத்து வைத்துவிடுங்கள்.

நான்காவது, இறக்கிக்கொள்வது. இந்தப் பக்கங்களில் 'டவுன்லோட்' என்று பெரிதாக, பச்சையாக, கண்ணைப் பறிக்கிற பொத்தான் இருந்தால் அது விளம்பரமாக இருக்கலாம். எதையாவது நிறுவச் சொன்னாலோ, வங்கி அட்டை எண் கேட்டாலோ பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். எம்பி3-யில் 128 என்ற தரத்தில் எடுத்தால் நிமிஷத்துக்குச் சுமார் ஒரு எம்.பி. இடம் பிடிக்கும். எங்களுக்கு 41 நிமிஷம் வந்தது, சுமார் 40 எம்.பி. வெறும் பேச்சுக்கு 64 போதும், இடம் பாதியாகிவிடும்.

இனி முக்கியமான விஷயம். ஏற்றுகிற ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம்' என்று எழுதியிருப்பார்கள். நம்புவது நம் இஷ்டம். எங்கள் 23-ல் ஒன்றில் அம்மாள் வங்கி லாக்கர் விவரம் சொல்லியிருந்தார். இன்னொன்றில் மருமகளைப் பற்றி ஒரு மனத்தாங்கல். "இதை ஏத்தாதே அம்மா" என்று இரண்டையும் எடுத்து வைத்தேன். அப்படிப்பட்டதையும் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2000-ல் வெளிவந்தது. சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒட்டலாம், எதையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்டேன். "உங்கம்மாகிட்டக் கேட்டியா?"

அவள் திகைத்தாள். "பேச முடியாதவங்ககிட்ட என்னத்தக்கா கேக்கிறது?"

பேச முடியாவிட்டால் என்ன? பேச்சு போன எல்லோருக்கும் புரிதலும் போய்விடுவதில்லை. அவள் அம்மாவுக்குச் சொல்வதெல்லாம் நன்றாகப் புரிகிறது. வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னோம். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இடது கையைத் தூக்கி, 'சரி' என்பது போல் ஆட்டினார். அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கினோம்.

ஒட்டும்போது இருமலையும் காக்கைச் சத்தத்தையும் வெட்டிவிடலாம் என்றாள். நான் விடவில்லை. அந்த வீட்டுக் கொல்லையும் அடுக்களையும் அந்தச் சத்தத்தில்தானே இருக்கின்றன? காலியாகக் கிடந்த இடங்களை மட்டும் முனையில் கிள்ளினோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். லேகியம் வரை அம்மாள் அசையாமல் கேட்டாராம். தாலாட்டு வந்ததும் உதடு அசைந்தது. பிறகு தன் குரலோடு தானே சேர்ந்து, குழறலாக, 'ஆராரோ' என்றாராம்! வீடே அழுதது என்றாள்.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பேச வராத சொல் சிலருக்குப் பாட்டில் வரும் என்றாராம். ராகமாக இழுத்துச் சொல்ல வைத்துப் பேச்சுப் பழக்குகிற முறையொன்றை 1973-லேயே அமெரிக்காவில் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. வைத்தியத்துக்கும் பயிற்சிக்கும் இது மாற்றும் அல்ல. ஆனால் அந்தக் குரல் பத்திரமாக இருந்ததால்தானே அந்த ஒரு சொல்லாவது வந்தது?

சகோதரிகளே, ஒன்றை நெஞ்சில் எழுதி வையுங்கள். வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 108-க்குக் கூப்பிடுங்கள். அந்த ராத்திரியை நினைத்து அந்தப் பெண் இன்னும் மருகுகிறாள்.

சரம் தொடுத்தாகிவிட்டதே என்று உதிரியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூலத் துண்டுகள் அப்படியே இருக்கட்டும். ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று அண்ணன், தம்பி யார் வீட்டிலாவது. ஒரே ஃபோனை நம்பி இருக்கக் கூடாது.

எதிர் வீட்டில் இப்போது ஓர் ஏனம் லேகியம் தயார். நாத்தனாருக்கு இது எட்டாம் மாதமாம். அம்மாவின் குரலை ஓட விட்டு, கரண்டியும் கையுமாக நின்று கிளறியிருக்கிறாள். எனக்கும் ஓர் உருண்டை வந்தது. காரம் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் தேனை ஆறின பிறகுதான் விட்டாளாம்!

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரல் உங்கள் ஃபோனில் எத்தனை துண்டாகக் கிடக்கிறது? இன்று சாயங்காலம் ஒரு தரம் எண்ணிப் பாருங்களேன்.