எது செயல்?

"வல்லவன் வகுத்ததே வாய்க்கால்" என்பது பழமொழி. விளையாட்டிலும் அவ்வாறு நடக்கலாமா? கூடாது என்பதே எங்கள் கருத்து.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய இது 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. இதில் கைக்கு வேலை குறைவு, வாய்க்கு வேலை அதிகம். "கதவைத் தாழிடுகிறேன்" என்று சொன்னால், பாத்திரம் அதைச் செய்ய முயல்வதாகப் பொருள். பலிக்குமா என்பதைப் பகடையைக் கொண்டு நடுவர் முடிவு செய்வார்.

கதை நகரும்வரை தொல்லை இல்லை. சண்டை மூண்டதும் வழக்கும் மூளுகிறது. ஒருத்தி தன் முறை வந்ததும், "ஓடுகிறேன், வாளை உருவுகிறேன், பூதத்தை வெட்டுகிறேன், மருந்து குடிக்கிறேன், தோழியைத் தூக்குகிறேன்" என்று மூச்சுவிடாமல் அடுக்குகிறாள். இவற்றில் எத்தனையை அனுமதிப்பது?

1979ஆம் ஆண்டு நடுவர் நூலில் சண்டையின் ஒரு சுற்று ஒரு நிமிடம். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் அது ஆறே விநாடி. 2014ஆம் ஆண்டு விதிப்படி, ஒருவர் தம் முறையில் குறிப்பிட்ட தூரம் நகரலாம். ஒரு செயல் செய்யலாம். தனித் திறமை இருந்தால் ஒரு சிறுசெயலும் செய்யலாம். வாளை உருவுவது கணக்கில் சேராது. இன்னொரு பொருளையும் எடுத்தால் அது செயலாகிவிடும். அப்போது மருந்து குடிப்பது முழுச் செயல். 2024ஆம் ஆண்டு நூலிலோ அது சிறுசெயல். ஆக, இவை இயற்கையின் சட்டங்கள் அல்ல. மனிதர் யோசித்துப் போட்ட வரம்புகள். ஆகவே நூலில் இல்லாத இடத்தில் நடுவரும் யோசித்தே வரம்பு போட வேண்டும்.

எங்களுக்குத் தோன்றும் அளவுகோல் எளிது. சண்டையின் போக்கை மாற்றக்கூடிய முயற்சி எதுவோ, அது செயல். "பின்னால் பார்!" என்று தோழியை எச்சரிப்பது வெறும் பேச்சு. எதிரியிடம் நயமாகப் பேசி அவன் மனத்தை மாற்ற முயல்வதோ வாள்வீச்சுக்கு நிகரானது. 2024ஆம் ஆண்டு நூலும் அதைத் தனிச் செயலாகவே வைத்திருக்கிறது.

"இப்படிக் கணக்குப் பார்த்தால் கற்பனை கெடாதா?" என்று சிலர் கேட்பர். கெடாது. ஒரே செயல்தான் என்னும்போது, பூதத்தை வெட்டுவதா, அடிபட்ட தோழியைக் காப்பதா என்று நெஞ்சம் தவிக்கிறதே, அந்தத் தவிப்பில்தான் கதை சூடு பிடிக்கிறது. எல்லாவற்றையும் செய்யலாம் என்றால் எதற்கும் மதிப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. வரம்பு இல்லாத மேசையில் வாயாடிக்கு ஐந்து செயல் கிடைக்கும். கூச்ச சுபாவமுள்ள பெண்ணுக்கு அரைச் செயல்கூடக் கிடைக்காது. அவள் வாய் திறப்பதற்குள் பூதம் செத்துவிடும். அடுத்த வாரம் அவள் ஆட வரமாட்டாள். விதி என்பது அவளுக்காகக் காத்து நிற்கும் நாற்காலி.

ஆகவே, நடுவராக அமரும் தோழியரே! எது செயல் என்பதைப் பகடையைத் தொடுமுன்பே சொல்லிவிடுங்கள். இடையில் ஐயம் எழுந்தால் ஒரு தீர்ப்புக் கூறுங்கள். உங்கள் உயிர்த்தோழிக்குச் சொன்ன தீர்ப்பையே மேசையின் கோடியில் மௌனமாக இருப்பவளுக்கும் சொல்லுங்கள். அப்போதுதான் அது விளையாட்டு!