கறுவா விளையாத கரையில் ஒரு கோட்டை

கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டால், கறுவாவுக்காக என்றே பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கறுவா செழித்தது சிலாபத்துக்குத் தெற்கே, நீர்கொழும்பு, கொழும்பு, காலி என்று நீளும் ஈரவலயத்தில். கற்பிட்டியோ வறண்ட மணல்நாக்கு. அங்கே 1667 முதல் 1676 வரை பாடுபட்டுக் கோட்டை எழுப்பியது ஏன்?

முதலில் பழைய நிலையைப் பார்ப்போம். 1344இல் புத்தளத்துக்கு வந்த இப்னு பதூதா, கரையில் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததைக் குறித்திருக்கிறார். மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு, மன்னனுக்குத் துணிமணி கொடுத்தார்கள். வாங்க வருபவர் பலர். கடல் யாருக்கும் அடைபடவில்லை.

1505இல் வந்த போர்த்துக்கீசர் இதை மாற்றத் தொடங்கினர். அவர்களை விரட்டக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. ஆனால் போர்ச்செலவைக் காரணம் காட்டி, பிடித்த கரைகளை ஒல்லாந்தர் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள்.

தனியுரிமை வணிகத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சரக்கு விளையும் காட்டைக் காவல் செய்தால் மட்டும் போதாது. அது வெளியேறக்கூடிய வழிகளையும் அடைக்க வேண்டும். கண்டி மன்னனுக்குப் புத்தளம் துறைமுகமாக இருந்தது. பாக்கு அங்கிருந்து இந்தியக் கரைக்குப் போனது. துணியும் அரிசியும் திரும்பி வந்தன. அதே வழியில் கறுவாவும் போனால், ஒல்லாந்தரின் வணிகக் கம்பெனி ஐரோப்பாவில் வைக்கும் விலை நிற்காது. வடக்கே திறக்கும் புத்தளக் களப்பின் வாயருகே இருக்கிறது கற்பிட்டி. அங்கே கோட்டை கட்டியவன் புத்தளத்துக்கு வரும் ஒவ்வொரு தோணியையும் கண்காணிக்கலாம்.

1766இல் போரில் நலிந்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தான். கண்டிக்குக் கடலே இல்லாமற் போனது. 1795இல் கற்பிட்டி ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

ஆகவே இது ஐரோப்பியர் தமக்குள் போட்ட சண்டை மட்டுமல்ல. தம் விளைச்சலை யாருக்கு விற்பது என்று தீர்மானிக்கும் உரிமையை இத்தீவு மக்கள் படிப்படியாக இழந்த வரலாறு. எந்த ஆண்டில் எவர் வென்றார் என்பதோடு பாடத்தை முடிக்காமல், ஆசிரியர்கள் இந்த இழப்பையும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.