குறிஞ்சாவும் சலரோகமும்

குறிஞ்சா என்னுங் கொடியை அறியாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் அரிது. வேலிகளிலும் பற்றைகளிலும் படர்ந்து கிடக்கும் அதன் இலையைக் கொய்து, மெல்லியதாய் அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயுஞ் சேர்த்து வறையாக்கி உண்பது நம்மவர் வழக்கம். “சலரோகத்துக்கு நல்லது” என்று சொல்லி, வீட்டிலுள்ள முதியவரின் கோப்பையில் ஒரு பிடி கூடுதலாக வைப்பதும் வழக்கமே. இவ்வழக்கத்தில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில், மாணவர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையைக் கூறுகிறேன். குறிஞ்சாவின் பச்சை இலை ஒன்றிரண்டை நன்றாய் மென்று, சாறு நாவெங்கும் படும்படி சிறிது நேரம் வைத்திருந்து, பின் வாயைக் கொப்புளித்துவிடுங்கள். அதன்மேல் ஒரு சிட்டிகை சீனியை நாவில் இடுங்கள். சீனி இனிக்காது, மணலை இட்டாற் போலவே இருக்கும். உப்பும் புளியும் தத்தஞ் சுவையை இழந்திரா. அரைமணி நேரம் அளவில் இனிப்புச் சுவை மீண்டு வந்துவிடும்.

இவ்வியப்பின் காரணத்தைத் தேடியவருள் ஒருவர் டேவிட் ஹூப்பர் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர். உதகமண்டலத்திலே சிங்கோனாப் பட்டையை ஆயும் அரசாங்க அலுவலிலிருந்த அவர், குறிஞ்சா இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, 1887 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் அதனை விவரித்தார். ஜிம்னீமிக் அமிலம் என்பது அதன் பெயர். அது தனியொரு சேர்வையன்று, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல சேர்வைகளின் தொகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நாவிலே இனிப்பை உணரும் வாங்கிகளை இவை சென்று பற்றிக்கொள்கின்றன. அதனால் அவ்வாங்கிகள் தம் தொழிலைச் சிறிது நேரம் மறந்துவிடுகின்றன.

இங்கேதான் ஒரு மயக்கம் பிறக்கிறது. அதனை விளக்க என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லல் வேண்டும்.

என் அம்மான் ஒருவர் பல ஆண்டுகளாகச் சலரோகம் உடையவர். ஒருநாள் அவரைக் காணச் சென்றபோது மிக்க மகிழ்ச்சியோடு சொன்னார்: “தம்பி, நான் குளிசையெல்லாம் விட்டிட்டன். விடிய எழும்பி ஒரு மிடறு குறிஞ்சாச் சாறு, அவ்வளவுதான். சீனியை வாயில போட்டாலும் மண் மாதிரிக் கிடக்கு. வாயிலயே சீனி செத்துப்போச்செண்டால் ரத்தத்தில எப்பிடி நிக்கும்?” அந்த நியாயத்தை அவர் சொன்ன உறுதி கண்டு நான் மறுமொழி கூறவில்லை. கற்பிக்குந் தொழிலையுடையவன் பேசவேண்டிய இடத்திற் பேசாதிருந்தேன். சில மாதங்களின் பின் அவர் வலக்காலில் பனங்கருக்குக் கீறிய சிறு புண் ஆறாது பழுத்தது. உணர்ச்சி குன்றிய காலாதலால் அவருக்கு நோவும் தெரியவில்லை. இரண்டு விரல்களை நீக்கவேண்டியதாயிற்று.

அம்மானின் பிழை யாது? நாவில் இனிப்பு மறைவதையும் குருதியிற் குளுக்கோசு குறைவதையும் அவர் ஒன்றெனக் கருதியதே. நாம் உண்ணுஞ் சோறு நாவில் இனிப்பதில்லை. ஆயினும் அதன் மாப்பொருள் குடலிலே குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கின்றது. ஆதலின் குருதியின் நிலையை நாவைக் கேட்டு அறிய இயலாது. குருதியைச் சோதித்தே அறிதல் வேண்டும்.

அப்படியாயின் குறிஞ்சாவுக்குக் குருதியில் ஆற்றலே இல்லையா? இல்லையென்று சொல்லவும் இயலாது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், முதிர்ந்த வயதில் வருஞ் சலரோகமுடைய 22 பேருக்கு, அவர்கள் வழக்கமாக உண்ட குளிசைகளோடு குறிஞ்சா இலைச் சாரம் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுக்கப்பட்டது. குருதிச் சர்க்கரை குறைந்தது. அவர்களுள் 5 பேர் குளிசையை விட்டுச் சாரத்தோடு மட்டும் இருக்க இயன்றது. இச்செய்தியைச் சொல்வோர் ஐவரைச் சொல்லி, ஏனைய பதினெழுவரை மறந்துவிடுகின்றனர். அந்த ஐவருங்கூடத் தாமாகக் குளிசையை எறிந்தவரல்லர்; ஆய்வாளரின் மேற்பார்வையில் இருந்தவர்கள். உண்டதும் அளவிட்ட சாரமேயன்றி, வேலியிற் கொய்த இலையின் ஒரு மிடறு சாறன்று. மண்ணும் பருவமும் இலையின் முதிர்ச்சியும் வேறுபடச் செடியிலுள்ள சேர்வைகளின் அளவும் வேறுபடும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தென்னிலங்கையிலே சிங்கள மக்கள் கோதல ஹிம்புட்டு என வழங்குங் கொடியும் இத்தகையதே. தமிழில் அதனைக் கடலழிஞ்சில் என்பர். அதன் கட்டையிற் குவளை கடைந்து, இரவில் நீரூற்றி வைத்து, காலையிற் பருகுவர். யப்பானிய அறிஞர் 1997 ஆம் ஆண்டில் அதிலிருந்து சலசினோல் என்னுஞ் சேர்வையைப் பிரித்தெடுத்தனர். மாப்பொருளைக் குளுக்கோசாக உடைக்கின்ற நொதியத்தைச் சிறுகுடலில் அது தடைசெய்கிறது. ஆதலால் உணவின் பின் சர்க்கரை விரைந்து ஏறுவதில்லை. நம் நாட்டில் 51 நோயாளரைக் கொண்டு செய்து 2005 இல் வெளியிட்ட ஆய்வும், இம்மூலிகை கலந்த தேநீர் ஓரளவு பயன் தந்ததெனக் காட்டிற்று.

ஒரு பூண்டு உலகெங்கும் வழங்கும் மருந்தாய் உயர்ந்த வரலாறும் உண்டு. ஐரோப்பாவில் கலேகா என்னும் பூண்டைப் பண்டைக்காலந் தொட்டு மருந்தாக வழங்கினர். அதிலுள்ள கலேகின் சர்க்கரையைக் குறைக்க வல்லது, ஆனால் நஞ்சுமாகும். அப்பூண்டை மேய்ந்த ஆடுகள் இறந்ததுண்டு. அச்சேர்வையின் உறவினதாய், அதனினும் தீங்கு குறைந்ததாய் உள்ள மெற்போமின் 1922 ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் முதன்முதல் ஆக்கப்பட்டது. சான் ஸ்டேண் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1957 ஆம் ஆண்டில் அதனைச் சலரோக மருந்தாக நிலைநாட்டினார். அம்மான் எறிந்துவிட்ட குளிசை இதுவே! மூலிகையை நம்பி மூலிகை மரபில் வந்த மருந்தையே எறிந்தார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வருத்தம் மிகும்.

வாசகர்கள் கைக்கொள்ளத்தக்கன சில. குறிஞ்சா வறையும் பாகற்காய்க் கறியும் உணவாக உண்ணத் தக்கன, அவற்றை விடவேண்டியதில்லை. ஆனால் சாறாகவும் சூரணமாகவும் மருந்தளவில் உண்ண விரும்புவோர், தம் மருத்துவருக்கு அதனைச் சொல்லல் வேண்டும். குளிசையும் மூலிகையுஞ் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மிஞ்சித் தாழ்த்துமாயின் வியர்வை, நடுக்கம், மயக்கம் என்பன தோன்றும், உயிருக்கும் இடராகலாம். சித்த வைத்தியரிடஞ் செல்வோர் உண்ணுங் குளிசைகளை அவரிடம் மறையாதிருத்தலும் அவ்வாறே. சதையி இன்சுலினைச் சுரவாத சிறுவர்க்கும் இளைஞர்க்கும் இன்சுலின் ஊசியே உயிர். அதற்கு ஈடாகும் இலை எதுவுமில்லை. நாள்தோறும் இரவிற் பாதங்களைப் பார்த்தல் எல்லாச் சலரோகிகளுக்கும் உரிய கடன்.

அம்மான் இப்போது குளிசையைத் தவறாது உண்கிறார். கிழமையில் இருநாள் அவர் வீட்டிற் குறிஞ்சா வறையும் உண்டு. மருத்துவரைக் கேட்டபின்னரே அது மீண்டும் சமையலிற் சேர்ந்தது. சென்ற மாதம் சென்றிருந்தபோது எனக்கும் பரிமாறினார்கள். உண்டெழுந்தபின் தேநீரோடு வந்த பனங்கட்டியைக் கடித்தேன், இனிக்கவில்லை. “மண் மாதிரிக் கிடக்கோ?” என்று சிரித்த அம்மான், குருதிச் சோதனைக் குறிப்பேட்டை எடுத்து என் முன் வைத்தார்.