உப்புக் களைக்கொல்லி: ஒரு கையால் ஜீவாமிர்தம், மறு கையால் விஷமா?

கொஞ்ச நாளாகவே நம் இயற்கை விவசாயக் கூட்டங்களில் ஒரு கரைசல் பரபரப்பாகப் பேசப்படுகிறது. கோமியம், கல்லுப்பு, சுண்ணாம்பு, கொஞ்சம் வேப்பெண்ணெய் அல்லது சோப்புக் கரைசல். ஆளுக்கு ஆள் அளவு மாறும், சேர்மானமும் மாறும்; கல்லுப்பு மட்டும் மாறாது. "இயற்கைக் களைக்கொல்லி" என்று பெயர். காலையில் அடித்தால் சாயங்காலமே களை வாடிப் போகிறது, கடையில் காசு கொடுத்து விஷம் வாங்க வேண்டியதில்லை என்கிறார்கள். வாடுவது உண்மைதான். ஆனால் எதனால் வாடுகிறது என்று கேட்டுப் பார்த்தால், இதை இயற்கை என்று சொல்ல மனசு வராது.

பாகற்காயை நறுக்கி உப்புப் பிசறி வைத்தால் பத்து நிமிஷத்தில் தண்ணீர் விட்டுவிடும். நாம் பிழியவே வேண்டாம், உப்பே பிழிந்துவிடுகிறது. களையின் இலையில் நடப்பதும் இதேதான்.

செடியானாலும் மண்புழுவானாலும் மனுஷனானாலும் உடம்பு செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவு வருமோ, அதைவிடவும் மெலிசு. கொழுப்புப் பொருளால் ஆன இரண்டு அடுக்கு அது. தண்ணீரை விரும்பும் தலைகள் வெளிப்பக்கமும் உள்பக்கமும் பார்த்திருக்கும். தண்ணீரை வெறுக்கும் வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்திருக்கும். அதனால் உப்பும் சத்தும் நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது. அங்கங்கே புரதத்தால் ஆன வாசல்கள் உண்டு. தண்ணீருக்குத் தனி வாசல், சாம்பல் சத்துக்குத் தனி வாசல். இந்தத் தண்ணீர் வாசலை 1992இல் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் அக்ரே என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2003இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தண்ணீர் வாசலில் காவல்காரன் கிடையாது. எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போய்விடும். நல்ல மண்ணில் வேருக்குள்ளே இருக்கும் கரைசல் வெளியே இருப்பதைவிட அடர்த்தி, அதனால் தண்ணீர் வேருக்குள் ஏறுகிறது. மண்ணில் உப்பு கூடினால் கதை தலைகீழ். வயலில் ஈரம் இருந்தும் பயிர் தாகத்தில் நிற்கும். யூரியாவை அள்ளிக் கொட்டிய இடத்தில் பயிர் கருகுவதற்கும் இதே காரணம்தான். ரசாயன உரத்தில் நாம் குற்றமாகச் சொன்னதை, கல்லுப்பில் மட்டும் கண்டுகொள்ளாமல் விடலாமா?

இலையில் அடித்த உப்பு இலையோடு நிற்பதில்லை. களை காய்ந்ததும் மண்ணுக்குத்தான் வருகிறது. கணக்குப் போடுவோம். டேங்குக்கு 2 கிலோ உப்பு, ஏக்கருக்கு 10 டேங்க் என்று வைத்தால், ஒரு தடவைக்கு 20 கிலோ. அதில் ஏறக்குறைய 8 கிலோ சோடியம். வருஷத்துக்கு மூன்று தடவை அடித்தால் 24 கிலோ. கடையில் வாங்கும் பூச்சிக்கொல்லியாவது வெயிலிலும் நுண்ணுயிராலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். சோடியம் சிதையாது. நல்ல மழை அடித்துக்கொண்டு போனால்தான் உண்டு. மணல் நிலத்தில் ஓரளவு போகும், களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய சோடியம் அங்கிருந்த சுண்ணாம்புச் சத்தை விரட்டிவிடும். மண் பொலபொலப்பு இழந்து, நனைந்தால் சேறாகி, காய்ந்தால் ஓடாகிவிடும். களர் நிலம் இப்படித்தான் உண்டாகிறது.

மண்ணில் இருக்கும் மற்ற உயிர்களையும் பாருங்கள். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் உப்பு போடுவது எதற்கு? கெட்டுப்போக வைக்கும் நுண்ணுயிர் தலையெடுக்கக் கூடாது என்பதற்கு. அவற்றின் சவ்வு வழியே தண்ணீரை உறிஞ்சி அடக்கிவிடுகிறது உப்பு. மண்புழு ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அதன் மேல் உப்பு பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நுண்ணுயிர் பெருகட்டும் என்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜீவாமிர்தம் விடுகிறோம். அதே மண்ணில் ஊறுகாய் போடுகிற வேலையையும் செய்தால் எப்படி?

"தென்னைக்கு உப்பு வைக்கிறோமே அய்யா" என்று சிலர் கேட்கிறார்கள். தென்னை கடற்கரை மரம், உப்பின் குளோரைடு அதற்குப் பிடிக்கும். அதை வைத்துக் கத்தரிக்கும் உளுந்துக்கும் நியாயம் பேச முடியாது. இன்னொன்றும் உண்டு. நமக்குப் பெரிய தலைவலியான கோரையும் அருகும் உப்புக்கு மேலாகத்தான் கருகும். மண்ணுக்குள் கிழங்கும் வேர்த்தண்டும் பத்திரமாக இருக்கும், மறுபடி துளிர்க்கும். கடைசியில் நிலம் பாழாகும், கோரை நிற்கும்.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் கடலோர வயல்களில் உப்பு நீர் ஏறியது. அந்த நிலங்களை மீட்க நம்மாழ்வார் அய்யா உழவர்களோடு சேர்ந்து உழைத்தார். கடல் கொண்டுவந்து போட்ட உப்பை வெளியேற்றப் பாடுபட்ட இயக்கம் நம்முடையது. அதே இயக்கத்தின் மேடையில் உப்பை மூட்டை மூட்டையாக வயலுக்குள் கொண்டு போகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

களை எடுக்க ஆள் இல்லை, கூலி கட்டவில்லை என்ற கஷ்டம் பொய்யில்லை. அதற்கு வழி வேறு இருக்கிறது. விதைக்கும் முன் தண்ணீர் கட்டி, களையை முளைக்க விட்டு, மேலாக உழுது அழித்துவிட்டு விதையுங்கள். நெல்லில் வரிசை நடவும் கோனோவீடரும் களையைச் சேற்றிலேயே உரமாக்கும். தோட்டப் பயிரில் மூடாக்கு போடுங்கள்; இடைவெளியில் தட்டைப்பயறு விதையுங்கள். சும்மா கிடக்கும் நிலத்தில் பலதானியமோ சணப்பையோ விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். எந்தக் களையையும் பூத்து விதை விழ விடாதீர்கள். இவற்றில் எதுவும் ஒரே நாளில் பலன் தராது. இரண்டு மூன்று பருவத்தில் களை தானாகக் குறைவது தெரியும்.

ஏற்கெனவே உப்புக் கரைசல் அடித்து வந்தவர்கள் மண் பரிசோதனை செய்து மின்கடத்துத்திறனையும் கார அமிலத் தன்மையையும் பாருங்கள். மின்கடத்துத்திறன் 4ஐத் தாண்டினால் அது உவர் நிலம் என்பது கணக்கு. அதுவரை போக விடாமல் வடிகால் எடுத்து, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுதால் நிலம் தேறிவிடும்.

பயிற்சி கொடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பொருள் நம் அடுப்படியில் இருக்கிறது என்பதாலேயே அது மண்ணுக்கு இயற்கை ஆகிவிடாது. மண்ணில் இருக்கிற உயிரை அது வாழ விடுகிறதா என்பதுதான் நம் அளவுகோல். உப்புக் களைக்கொல்லி அதில் தேறவில்லை. நம் பயிற்சிப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுவோம்.