பொட்டாஷ் மூட்டைக்கு விலை வைக்கிறவன் எவன்?

விருதுநகர் மாவட்ட விவசாயப் பெருமக்களே! பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களே!

2010 ஏப்ரலுக்கு முன்னால் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை என்ன விலை? 222 ரூபாய் 75 காசு. 2012-ல் அது 800 ரூபாயைத் தாண்டியது. 2022-ல் 1,700 ரூபாய்க்குப் போனது. ஏழரை மடங்கு! வத்திராயிருப்பு நெல்லுக்கும் ராஜபாளையம் தேங்காய்க்கும் ஏழரை மடங்கு விலை கிடைத்ததா?

2010-ல் மத்திய அரசு மானியத்துக்கு ஒரு அளவை நிர்ணயித்துவிட்டு, விற்பனை விலையைக் கம்பெனிகள் கையில் கொடுத்தது. அது பாதிக் கதை. மீதிக் கதை கடலுக்கு அப்பால் நடக்கிறது.

நம் நாட்டில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. முழுக்க இறக்குமதி. விற்கிறவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கனடாவின் கம்பெனிகள் ‘கேன்போடெக்ஸ்’ என்ற ஒரே கடை வைத்து வெளிநாடுகளுக்கு விற்கின்றன. ரஷ்யாவின் உரால்காலியும் பெலாரஸின் பெலாருஸ்காலியும் சேர்ந்து இன்னொரு கடை வைத்திருந்தன. 2008-ல் நாம் ஒரு டன்னுக்கு 625 டாலர் கொடுத்தோம்.

2013 ஜூலையில் அந்த ரஷ்ய–பெலாரஸ் கூட்டு உடைந்தது. என்ன ஆச்சு? அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 427 டாலராக இருந்த நம் ஒப்பந்த விலை, 2014-ல் 322 டாலருக்கு இறங்கியது. சுரங்கம் அதேதான், கப்பலும் அதேதான். சேர்ந்து விற்றவர்கள் பிரிந்தார்கள், விலை விழுந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

2022-ல் ஏறியதற்கு உக்ரைன் போரும் பெலாரஸ் மீதான தடையும் காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பத்துக் கடை இருக்கும் சந்தையில் ஒரு கடை மூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். மூன்றே கடை இருந்தால்? போர் அவர்களுடையது, பில் நம்முடையது!

இது விவசாயிக்கு மட்டும் வந்த நோவு அல்ல. வயலில் நாம் போடும் அதே பொட்டாசியம் உப்பிலிருந்துதான் சாத்தூர், சிவகாசி தீக்குச்சி மருந்துக்கான குளோரேட் தயாராகிறது. பட்டாசுக்கான வெடியுப்புக்கும் பொட்டாசியம்தான் அடிப்படை. மழை பெய்தால் காடு, பெய்யாவிட்டால் பட்டாசு ஆலை என்று வாழும் நம் குடும்பங்களை இந்த விலை இரண்டு பக்கமும் அடிக்கிறது.

இதைத் தட்டிக்கேட்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 32-வது பிரிவு, கூட்டு வெளிநாட்டில் நடந்தாலும் பாதிப்பு இந்தியாவில் என்றால் விசாரிக்கலாம் என்கிறது. புகார் வராமலே தானாக விசாரிக்கவும் போட்டி ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 2017-ல் கனடாவின் அக்ரியம், பொட்டாஷ்கார்ப் இணைந்தபோது, மற்ற நாட்டுப் பொட்டாஷ் கம்பெனிகளில் வைத்திருக்கும் பங்குகளை விற்றுவிடு என்று இதே ஆணையம்தான் நிபந்தனை போட்டது. ஆக, கை எட்டும். ஆனால் விலைக் கூட்டுக்காக இந்தக் கம்பெனிகளுக்கு இங்கே ஒரு ரூபாய் அபராதம்கூட விழவில்லை.

அமெரிக்காவில் வாங்கியவர்கள் 2008-ல் வழக்குப் போட்டார்கள். பொட்டாஷ்கார்ப்பும் மொசைக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2013-ல் தலா 4 கோடியே 37 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தன. அமெரிக்க விவசாயியின் பணத்துக்கு மதிப்பு, நம் பணத்துக்கு இல்லையா?

2018-ல் சட்டத்தை மறுபரிசீலனை செய்யக் குழு போட்டார்கள். 2023-ல் திருத்தமும் வந்தது. கம்பெனியின் உலக வருவாயைக் கணக்கிட்டு அபராதம் போடலாம் என்றார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதே திருத்தம், புகாரை மூன்று வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் கட்டிவிட்டது. மினிஸ்க்கிலும் சஸ்கேச்வானிலும் நடக்கும் பேச்சு, கரிசக்காட்டு விவசாயி காதுக்கு மூன்று வருஷத்தில் வந்துசேருமா?

இன்னொன்று. ஏற்றுமதிக்காக மட்டும் செய்யும் கூட்டுக்கு நம் சட்டமே விலக்கு கொடுக்கிறது. அமெரிக்கா 1918-லேயே இந்த வழியைத் திறந்தது, கனடாவும் அதே வழியில் போகிறது. ‘உள்ளூரில் கொள்ளையடிக்காதே, ஊரான் வீட்டில் அடித்துக்கொள்’ என்பதுதானே இதன் பொருள்? நம் வீட்டுக் கதவை அப்படி வைத்துக்கொண்டு அடுத்தவனை எப்படிக் கேட்பது? விலக்கை எடுத்தால் ஏற்றுமதி படுத்துவிடும் என்கிறார்கள். எல்லா நாடும் எடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. பேச்சைத் தொடங்க வேண்டியது, அதிகம் அடிபடும் நாம்தான்.

நாம் கேட்பது:

1. பொட்டாஷ் இறக்குமதி விலை பற்றிப் போட்டி ஆணையம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டும்.

2. வெளிநாட்டுக் கூட்டு பற்றிய புகாருக்கு மூன்று வருஷக் கெடுவை நீக்க வேண்டும்.

3. ஏற்றுமதிக் கூட்டுக்கான விலக்கை ரத்து செய்து, மற்ற நாடுகளிடமும் அதையே கேட்க வேண்டும்.

4. உலக விலை ஏறும்போது மானியமும் ஏற வேண்டும்.

மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு, கையில் உர ரசீதோடு வாருங்கள். ஆளுக்கொரு மனு கொடுப்போம். அவர்கள் நாலு பேர் சேர்ந்து விலை வைக்கிறார்கள். நாம் நாலாயிரம் பேர் சேர்ந்து கேள்வி கேட்க மாட்டோமா?

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!