41 டிகிரியைவிட 36 டிகிரி கொடியதா?

“என் கணவர் சென்னை ராயபுரத்தில் மூட்டை இறக்கும் வேலை பார்க்கிறார். டி.வி-யில் சென்னை 36 டிகிரி, வேலூர் 41 டிகிரி என்கிறார்கள். ஆனால், நம்ம ஊர் வயலைவிட அங்கேதான் உடம்பு துவண்டுபோகிறது என்கிறார். இது உண்மையா, பிரமையா?”
- வேலூர் மாவட்ட வாசகி.

உண்மைதான். டி.வி-யில் சொல்வது, நிழலான பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டும் காற்றின் சூடு. உடம்பு படும் பாட்டை அது மட்டும் சொல்லிவிடாது.

மண்பானையை நினைத்துப் பாருங்கள். மேலே கசியும் நீர் காய்ந்தால்தான் உள்ளே தண்ணீர் குளிரும். வேலூரின் வறண்ட காற்றில் அது சட்டென்று காயும். ராயபுரத்தின் ஈரக்காற்றில் அவ்வளவு சீக்கிரம் காயாது. உடம்பும் அப்படித்தான். வியர்வை வழிந்தால் போதாது, காய வேண்டும். கடல்காற்று கொஞ்சம் ஆறுதல். ஆனால், தகரக் கொட்டகைக்குள், அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே அது எங்கே நுழைகிறது?

இதை அளக்க ஆய்வாளர்கள் மூன்று வெப்பமானிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, ஈரத்துணி சுற்றியது. அடுத்தது, வெயிலில் கறுப்பு உருண்டைக்குள் இருப்பது. மூன்றாவது, சாதாரணமானது. முதல் அளவில் 70, இரண்டாவதில் 20, மூன்றாவதில் 10 சதவிகிதம் எடுத்துக் கூட்டுகிறார்கள். டி.வி சொல்லும் எண்ணுக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான்!

ராயபுரத்தில் 36 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 60 சதவிகிதம் என்றால், ஈரத்துணி வெப்பமானி சுமார் 29 காட்டும். வேலூரில் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவிகிதம் என்றால், சுமார் 25-தான். இரண்டு இடத்திலும் கறுப்பு உருண்டை 10 டிகிரி கூடுதலாகக் காட்டுவதாக வைத்துக்கொண்டால், மொத்தக் கணக்கு ராயபுரத்துக்கு 33, வேலூருக்கு 32. கடும் உழைப்புக்குப் பாதுகாப்பான எல்லை சுமார் 28. ஆக, வயலில் இருக்கும் நீங்களும் தப்பவில்லை.

போரூர் ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர், 2017 முதல் 2020 வரை தமிழக உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செய்தார்கள். சுமார் 90 சதவிகிதம் பேர் எல்லை மீறிய வெக்கையில் வேலை செய்தார்கள். 7 சதவிகிதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இதே குழு 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வெக்கையில் உழைத்தவர்களுக்குக் கருக்கலையும் ஆபத்து சுமார் இரு மடங்கு. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே வேலை செய்வது, இதில் இன்னொரு கொடுமை.

வீட்டிலேயே ஓரளவு அளக்கலாம். சாதாரண வெப்பமானிகள் இரண்டை நிழலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி விசிறுங்கள். இரண்டு எண்களும் நெருங்கி நின்றால், வியர்வை காயாது. அன்று கனமான வேலையை விடியற்காலையில் முடித்துவிடுவது நல்லது.

வேலை செய்பவர் உளற ஆரம்பித்தாலோ, தள்ளாடினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ‘மாரடைப்பு’ என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் சிக்கல் என்பதால், வெயிலில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

உங்கள் கணவர் ஊரில் பத்து, பதினைந்து நாள் தங்கிவிட்டுத் திரும்பினால், முதல் நாளே முழுச் சுமை தூக்க வேண்டாம். வெக்கைக்கு உடம்பு மறுபடி பழகச் சில நாள்கள் ஆகும்.