ஏற்பது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு

தடாவிலும் சத்தியவேட்டிலும் ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்கும் நம் தோழர்களிடையே காசாவைப் பற்றிப் பேச்சு வந்தால், அது ஒரே கேள்வியில்தான் போய் முடிகிறது. "அரபுக்காரனிடம் இல்லாத மண்ணா, இல்லாத பணமா? தன் இனத்து ஜனத்தைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டால் சண்டை தீர்ந்துபோகுமே!"

கேட்பவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்வி அவருடையதல்ல. வீட்டுக்காரனைத் துரத்த நினைப்பவன் தயாரித்து ஊர் வாயில் போட்ட கேள்வி அது. கொள்ளையடிக்க வந்தவனை விட்டுவிட்டு, "பக்கத்து வீட்டான் ஏன் திண்ணை கொடுக்கவில்லை?" என்று விசாரிக்கிற நியாயம் இது.

2025 பிப்ரவரி 4-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், இஸ்ரேலியப் பிரதமர் நேதன்யாகுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காசாவை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும் என்றார். அங்குள்ள 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களை எகிப்தும் ஜோர்டானும் ஏற்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இரு நாடுகளும் மறுத்தன. நோயுற்ற 2,000 குழந்தைகளுக்குச் சிகிச்சை தருகிறோம் என்றார் ஜோர்டான் மன்னர். மக்களைப் பெயர்ப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. மார்ச் 4-ஆம் தேதி கெய்ரோவில் கூடிய அரபு உச்சி மாநாடு, மக்களை அங்கேயே வைத்துக்கொண்டு காசாவைக் கட்டியெழுப்ப 5,300 கோடி டாலர் திட்டத்தை ஏற்றது.

ஏன் மறுத்தார்கள்? 1948-ல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர் வீட்டுச் சாவியோடு வெளியேறினார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தன் 194-ஆம் தீர்மானத்தில் அவர்கள் திரும்பலாம் என்றது. இன்றுவரை கதவு திறக்கவில்லை. இன்றைய காசா மக்களில் பெரும்பாலோர் அப்படித் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். ஒருமுறை போனவன் திரும்பியதில்லை என்பதை அரபு மக்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

அரபு மக்கள் அறிந்ததைத் தமிழர் நாம் மறந்துவிட்டோம். ஆகவேதான் நம் கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கை மலையகத்தில் காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் நட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தொழிலாளி வர்க்கத்தின் அந்த ஓட்டைக் கண்டு கொழும்பின் கனவான்கள் கிலி கொண்டார்கள். 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஓட்டுரிமையும் பறிபோனது. அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே புதைக்கப்படுகிறவன் 'நாடற்றவன்' ஆனான்.

நேரு இருந்தவரை, இவர்கள் இலங்கையின் மக்கள், கட்டாயமாக அனுப்புவதற்கு இந்தியா உடன்படாது என்ற நிலை நின்றது. 1964 மே மாதம் அவர் மறைந்தார். அக்டோபர் 30-ஆம் தேதியே சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர் 'பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' கணக்கில். 1974-ல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேருக்கு அங்கே பிரஜாவுரிமை என்று விகிதாச்சாரம் வேறு! சந்தையில் ஆடு பிரிப்பவனும் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்கள் அதையும் பார்க்கவில்லை. கொழுந்து பறித்த பெண்ணிடம் "உனக்கு எந்த நாடு வேண்டும்?" என்று கேட்காமலே எண்ணிக்கையை முடிவு செய்தார்கள். பிறகு விண்ணப்பம் வாங்கியபோது இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் அந்த மூன்று லட்சத்தை வெகுவாகத் தாண்டினார்கள். ஜனங்களின் தீர்ப்பு அது. டில்லியும் கொழும்பும் அதைக் குப்பையில் போட்டன.

"தாயகம் திரும்பியோர்" என்று சர்க்கார் பெயர் சூட்டியது. எது தாயகம்? பார்த்தேயிராத ஊர் தாயகமா? கையில் ஒருவழி டிக்கெட். தலைமன்னாரில் கப்பல், ராமேசுவரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரித் தேயிலைத் தோட்டம். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு.

"மறுத்திருந்தால் அவர்கள் கதி என்ன?" என்று கேட்பவர்களுக்குச் சரித்திரமே பதில் சொல்லிவிட்டது. 1984-ல் யுத்தத்தால் கப்பல் நின்றது. எஞ்சியவர்கள் மலையகத்திலேயே இருந்தார்கள். 1988-லும் 2003-லும் இலங்கைப் பாராளுமன்றமே சட்டம் போட்டு அவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. தீவு மூழ்கிவிடவில்லை. 2003-ல் முடிந்தது 1964-லும் முடிந்திருக்கும். ஏற்கத் தயாராக ஒருவன் அக்கரையில் கையெழுத்துப் போட்டு நின்றதால்தான் துரத்துகிறவனுக்குத் துணிச்சல் வந்தது.

ஆகவே அரபு நாடுகளின் மறுப்பு சரியானது. அதற்குப் பலனும் இருந்தது. 2025 செப்டம்பரில் அதே அமெரிக்கா வெளியிட்ட 20 அம்சத் திட்டத்தில், காசாவை விட்டுப் போகும்படி யாரும் கட்டாயப்படுத்தப்பட மாட்டார்கள் என்று எழுத வேண்டியதாயிற்று. எழுத்து காப்பாற்றப்படுமா என்பது வேறு விஷயம். ஏற்க ஆளில்லாதபோது ஏகாதிபத்தியமும் வாசகத்தை மாற்றுகிறது.

அதற்காக அரபு ஆட்சியாளர்களுக்கு மாலை போட நாம் தயாரில்லை. வாயால் மறுத்தவர்கள் கையால் என்ன செய்தார்கள்? 1973-ல் எண்ணெயை ஆயுதமாக்கிய அந்த முதுகெலும்பு இப்போது எங்கே? 2020-ல் இஸ்ரேலுடன் உறவு ஒப்பந்தம் செய்த அமீரகமும் பஹ்ரைனும் அதை முறிக்கவில்லை. 2025 ஆகஸ்டில், காசாவில் பட்டினி தாண்டவமாடிய நேரத்தில், இஸ்ரேலிய எரிவாயுவை எகிப்துக்கு விற்க 3,500 கோடி டாலர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. லெபனானில் பாட்டன் காலத்தில் வந்த பாலஸ்தீனனின் பேரன் இன்றும் சொத்து வாங்க முடியாது, பல தொழில்களில் கால் வைக்க முடியாது. "திரும்பிப் போகும் உரிமையைக் காக்கிறோம்" என்று அதற்கு விளக்கம் வேறு. திரும்பும் உரிமையைக் காக்க, இருக்கிற இடத்தில் மனிதனைப் பட்டினி போட வேண்டுமா?

இரண்டு கடமைகள் இருக்கின்றன. துரத்துவதற்கு முன்கூட்டிச் சம்மதம் தராதே, இது ஒன்று. துரத்தப்பட்டு வந்துவிட்டவனை மனிதனாக நடத்து, இது இரண்டு. அரபு ஆட்சியாளர்கள் முதல் கடமையை வார்த்தையில் செய்தார்கள், இரண்டாவதில் தவறினார்கள். இந்திய ஆட்சியாளர்களோ இரண்டிலும் தவறினார்கள். 1964-ல் கையெழுத்துப் போட்டார்கள். 1983 வெறியாட்டத்துக்குப் பின் ஓடிவந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாயிரக்கணக்கில் குடியுரிமையின்றி இருக்கிறார்கள். மலையக வம்சாவளியினரும் அவர்களில் உண்டு. 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தது. அதிலும் முஸ்லிம்களுக்கு இடமில்லை. இலங்கைத் தமிழருக்கோ எந்த மதமானாலும் இடமில்லை.

இந்த மண்ணில் நிற்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, படாஸ்கர் தீர்ப்பின்படி, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, ஜனங்கள் நகரவில்லை. எந்த மொழிக்காரனும் மூட்டை கட்டவில்லை, எவனும் ஓட்டுரிமை இழக்கவில்லை. கோட்டை நகர்த்தலாம், குடியை நகர்த்தக் கூடாது என்பதற்கு சத்தியவேடே சாட்சி.

பிழைப்புக்காக வந்து இந்தத் தொழிற்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கும் நமக்கு, "உன் ஊருக்குப் போ" என்ற சொல்லின் கூர்மை தெரியும். அடுத்த முறை டீக்கடையில் அந்தக் கேள்வி வந்தால், தோழர்களே, 1964-ஐ எடுத்துச் சொல்லுங்கள். பாலஸ்தீனரைத் துரத்தும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்தியா துணைபோகக் கூடாது; முகாமில் இருப்போருக்குக் குடியுரிமை வேண்டும். இரண்டு கோரிக்கையையும் ஒரே மகஜரில் எழுதிக் கையெழுத்துத் திரட்டுங்கள். மண்ணை விட்டுப் போகச் சொல்லும் கையெழுத்து ஒன்று நம் பேரால் போடப்பட்டிருக்கிறது. அதற்கு எதிரான கையெழுத்தை நாம்தான் போட வேண்டும்.